நண்டுகள் கலைத்த வெற்றி விழா

"இந்த பாக்டீரியா நல்லவன்னு சொல்லுதீய. சரி. இவன் மேல பழைய கேஸ் ஏதும் உண்டா சார்?"

இலத்தூர் இசக்கியம்மாள் அக்கா எங்கள் ஆய்வகத்துக்கு முதன்முதலாக வந்த அன்று, கண்ணாடித் தட்டில் வளர்ந்திருந்த வெளிர்மஞ்சள் புள்ளிகளைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி இது. சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விசாரிக்காமல் யாரையும் வாசலுக்குள் விட மாட்டார். நானும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது சரியான கேள்வி. மனிதருக்கோ மாட்டுக்கோ நோய் தரக்கூடிய இனமா என்று பார்த்து முடித்த பிறகுதான் நான் அவரையே வரச் சொல்லியிருந்தேன். அந்தச் சோதனைகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப வயலுக்குள்ள விடலாம்" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நுண்ணுயிரைப் பிரித்தெடுப்பதைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. உங்களுடைய கருவிகளும் நல்லவை, கைகளும் வேகமானவை. எந்தக் கருவியும் முடிவெடுத்துத் தராத ஒரு நாள் உங்களுக்கும் வரும். எனக்கு அது தென்காசியில் வேலை பார்த்த கடைசி வருடங்களில் வந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

அக்காவின் குடும்ப நிலம் இலத்தூருக்கு வெளியே, ஒரு வாய்க்காலின் கடைசியில் இருந்தது. வாய்க்காலின் மேல்பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து உலோகம் எடுக்கும் கொட்டகை ஒன்று எப்போதோ நடந்து மூடிப்போயிருந்தது. கொட்டகை போனாலும் அதன் கழிவு போகவில்லை. மழைக்கு மழை கரைந்து வயலுக்கு வந்துகொண்டிருந்தது. நெல்லோ பார்க்க அருமையாக விளைந்தது. அந்தக் கழிவில் இருந்த காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் சூதே அதுதான். பயிர் வாடாது, சோறு கசக்காது, சாப்பிட்டவருக்கு மறுநாள் வயிறுகூட வலிக்காது. வருடக்கணக்கில் உள்ளே போய்ச் சேர்ந்து சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும். அந்தப் பகுதி அரிசிகளை நாங்கள் பொதுவாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் அரிசியில் அது அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது தெரியவந்தது.

தயங்கித் தயங்கித்தான் போய்ச் சொன்னேன். அக்கா எழுந்துபோய் நெல் இருந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று மாலையே வாங்க வந்த வியாபாரியிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அப்படி எதற்குச் சொன்னீர்கள், ஊர் முழுக்கப் பரவிவிடுமே என்று நான் கேட்டதற்கு, "தெரிஞ்ச பொறவு வித்தா அது வேற செக்‌ஷன் சார்" என்றார்.

பரவத்தான் செய்தது. சென்னையில் இருக்கும் அவர் தம்பிக்கும் போய்ச் சேர்ந்தது. நிலம் இருவருக்கும் பொது. விஷ மண்ணில் என்ன விவசாயம், மனை போட்டுக் கொடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னார். காக்கிச் சட்டை போட்டிருந்த காலமெல்லாம், ஓய்வு பெற்றதும் வயலில்தான் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அக்கா. அடுத்து வரும் சாரல் காலத்துக் கார் போகம் ஒன்று மட்டும் பொறு என்று தம்பியிடம் தவணை வாங்கினார்.

முதலில் கழிவை நிறுத்த வேண்டும். பானையில் ஓட்டை இருக்கும்போது ஊற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அக்கா எந்தெந்த அலுவலகத்தில் யார் யாருக்கு எதிரே போய் உட்கார்ந்தாரோ எனக்குத் தெரியாது. கோடை முடிவதற்குள் கொட்டகையின் கழிவு மேடு லாரியில் ஏறிப் போய்விட்டது. ஆனால் வயல் மண்ணில் ஏற்கெனவே தங்கிவிட்டதை லாரியில் ஏற்ற முடியாதே.

அதற்குத்தான் அந்த பாக்டீரியா. கொட்டகைக்குப் பின்னால் ஓடையில், கழிவுக்கு நடுவே செழிப்பாக நின்ற ஒரு புல்லின் வேரில் அது கிடைத்தது. ஒன்றை நினைவில் வையுங்கள், ஊர்க்காரர்களிடமும் மறக்காமல் சொல்லுங்கள்: உலோகம் அழியாது. எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்த்துவிடாது. இது செய்வதெல்லாம் வேரைச் சுற்றிக் குடியிருந்து, காட்மியத்தைத் தன் உடலின் மேற்சுவரில் பிடித்து வைத்துக்கொள்வது, கொஞ்சத்தைக் கரையாத வடிவத்துக்கு மாற்றிவிடுவது. வேர் உறிஞ்சுவது அந்த அளவுக்குக் குறையும். இதை அக்காவிடம் விளக்கியபோது ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப இது தண்டனை இல்ல, ரிமாண்டு" என்றார். பிறகு நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வந்ததில்லை.

சாரல் தொடங்கியதும் வயலை நடுவே வரப்பு போட்டு இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் நடும் நாற்றுகளின் வேரை நுண்ணுயிர்க் கரைசலில் முக்கி எடுத்து நட்டோம். மற்றதில் வெறும் நாற்று. நடவுக்கு வந்த பெண்களுக்கு ஒரே வேடிக்கை. பிள்ளையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போடுவதுபோல் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்து வயல் செல்விதான் அதில் அதிகம் சிரித்தவர். அவருக்கும் அதே வாய்க்கால் தண்ணீர்தான்.

அறுவடை முடிந்து சோதனை முடிவு வந்தது. கரைசலில் முக்கி நட்ட பக்கத்து அரிசியில் காட்மியம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வெறும் நாற்றுப் பக்கம் பழையபடியே இருந்தது. ஆய்வகத்தில் யாரோ அல்வா வாங்கி வந்தார்கள். எங்கள் தலைவர் என்னைவிட வயதில் இளையவர், சுறுசுறுப்பானவர், எதையும் பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை உள்ளவர். ஐப்பசியில் குற்றாலத்தில் ஒரு விழா என்று முடிவு செய்துவிட்டார். வெளியூர் விஞ்ஞானிகள், அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள், சுற்றுவட்டார விவசாயிகள் எல்லோருக்கும் அழைப்பு போனது. அக்காவுக்குப் பொன்னாடை. தம்பியும் சென்னையிலிருந்து வருகிறார் என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விழாவுக்கு முந்தின நாள் காலை, காட்டுவதற்குப் படம் எடுக்கலாம் என்று வயலுக்குப் போனேன். அதற்கு முதல் நாள்தான் நல்ல மழை. கரைசல் விட்ட பக்கத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. மேற்கு மலை முழுதும் அதில் தெரிந்தது. மறுபக்கம் திரும்பினேன். அங்கே தண்ணீரே இல்லை. ஒரே மழை, ஒரே உயரத்து வரப்பு, ஆனால் ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் வெறும் சேறு.

கேமராவை வைத்துவிட்டு வெளி வரப்பில் இறங்கி நடந்தேன். வரப்பின் அடியில் நண்டு வளைகள். ஒன்று இரண்டல்ல. வெறும் நாற்றுப் பக்கத்துத் தண்ணீர் அந்த வளைகள் வழியாகச் சத்தமில்லாமல் ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சாரல் காலத்தில் எல்லா வயலும் ஈரமாகத்தான் தெரியும், அதனால் போகம் முழுக்க யார் கண்ணிலும் இது படவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களில் சிலருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்று போகாத மண்ணில் காட்மியம் கரையாமல் அடங்கிக் கிடக்கும். வயல் காய்ந்தால் அது கரைந்து வேருக்குள் ஏறும். அப்படியானால் ஒரு பக்கம் நாங்கள் கண்ட வெற்றி பாக்டீரியாவினுடையதா, நின்ற தண்ணீரினுடையதா? என்னால் சொல்ல முடியவில்லை. யாராலும் சொல்ல முடியாது.

அக்கா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நான் வளைகளைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு என் தம்பி வருதான் சார். நாலு பேர் கைதட்டுனாத்தான் அவன் நம்புவான். நண்டு கதைய அடுத்த வாரம் சொல்லிக்கிடலாம்லா?"

பொன்னாடைக்காகக் கேட்டிருந்தால் மறுப்பது சுலபம். அவர் கேட்டது நிலத்துக்காக. நாமும் ஒன்றும் பொய் சொல்லப் போவதில்லையே, முடிவு அப்படித்தானே வந்தது என்று என் மனமும் ஒரு பக்கம் வாதாடியது. அப்போது பக்கத்து வயலில் செல்வி மண்வெட்டியோடு மடையைத் திறந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தெளிந்துவிட்டது.

"அக்கா, நாளைக்கு நாம சொல்லுததக் கேட்டு செல்வியும் கரைசல் வாங்கி நடுவா. பாக்டீரியா பாத்துக்கிடும்னு நெனச்சு வயல காயவிட்டா, அவ வீட்டுச் சோத்துல காட்மியம் கூடத்தான் செய்யும். நாம சொன்னதாலதான் கூடியிருக்கும்."

அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தலைவரைத் தேடினேன். விருந்தினர்களை ஐந்தருவிக்குக் குளிக்க அழைத்துப்போயிருக்கிறார் என்றார்கள். வெள்ளம் தணிந்து அன்றுதான் குளிக்க விட்டிருந்தார்கள், நல்ல கூட்டம். தலைவர் இடுப்பில் துண்டோடு, உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் வழிய, அருவிக்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். விரல் பட்டால் வழுக்கிவிடும் நிலையில் இருக்கும் ஒருவரிடம் போய் உங்கள் விழா வழுக்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அருவிச் சத்தத்தில் மெதுவாகச் சொல்லவும் வழியில்லை. பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு பக்கத்தில் போய்க் கத்தினேன்: எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான் காரணமாக இருக்கலாம்.

அவர் அருவியைப் பார்த்துவிட்டு, ஆமாம் சார், அருமையான தண்ணீர் என்று கத்தினார்.

மறுபடி கத்தினேன். நண்டு, வரப்பு, காட்மியம். துண்டு துண்டாகத்தான் அவர் காதில் விழுந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை முழுதும் புரிந்ததும் அவர் முகம் மாறியது. நேரே போய் அருவிக்கு அடியில் நின்றுவிட்டார். நான் ஓரத்தில் நின்று சாரலில் நனைந்துகொண்டிருந்தேன். என்னை வேறு ஊருக்கு மாற்றினால் வீட்டுச் சாமான்களை எப்படிக் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

எண்ணெயெல்லாம் போய், கண் சிவக்க வெளியே வந்தார்.

"விழாவ நிறுத்த வேண்டாம் சார். பேர மாத்துவோம். முடிவு சொல்ற விழா இல்ல, தொடங்குற விழா. விவசாயிகள் வராங்க, நாத்து ரெடியா இருக்கு. அவங்கள வச்சே புதுசா நடுவோம்" என்றார். பிறகு துண்டைப் பிழிந்துகொண்டே, இதைப் போன வாரமே கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று கேட்டார். நண்டிடம் கேட்க வேண்டும் என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. அக்காவுக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது. தம்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அக்கா காலையிலேயே எங்கோ கிளம்பிப் போய்விட்டதாகச் சொன்னார். தலைவர் மைக்கைப் பிடித்து, உங்களுக்கு ஒரு வெற்றியைச் சொல்ல அழைத்தோம், இப்போது ஒரு சந்தேகத்தைச் சொல்லப் போகிறோம் என்று தொடங்கினார். கூட்டத்தில் சலசலப்பு. பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்து, அப்படியானால் முடிவு பொய்யா என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா பக்கவாட்டுப் படியில் மேடை ஏறினார். முழங்கால் வரை சேறு. கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. பொன்னாடைகள் அடுக்கியிருந்த மேசையில் அதை வைத்துவிட்டு மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"என் வயல்ல தண்ணியத் தொறந்துவிட்டது இவங்கதான். பாதிப் பேரைத்தான் பிடிக்க முடிஞ்சுது. மிச்சப் பேரு தலைமறைவு."

வாளிக்குள் நண்டுகள். அதில் ஒன்று வாளி விளிம்பில் ஏறி பொன்னாடை மேல் நடக்க ஆரம்பித்தது. தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மண்டபமே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, தன் வயலிலும் இதே தொல்லைதான் என்றார். இன்னொருவர் வரப்பை எப்படி மிதித்துப் பூச வேண்டும் என்றார். கேள்வி கேட்ட பத்திரிகைக்காரர் நண்டைப் படம் எடுக்கக் குனிந்துவிட்டார். சந்தேகத்தைச் சொல்லிக் கூட்டத்தை இழக்கப் போகிறோம் என்று பயந்திருந்தோம். அதற்குப் பிறகுதான் கூட்டம் எங்களோடு பேசவே தொடங்கியது.

ஒருவர் குழம்பு வைக்கலாமே என்றார். நான் உடனே தடுத்தேன், அந்த வயல் நண்டிலும் காட்மியம் இருக்கும். அக்கா வாளியைக் கொண்டுபோய், கழிவுத் தண்ணீர் வராத வேறொரு ஓடையில் விட்டுவிட்டு வந்தார். நாடு கடத்தியாகிவிட்டது என்று தம்பியிடம் சொன்னார். என்னிடம் முந்தின நாள் பேச்சைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சார், நடவுக்கு நேரமாச்சு, வாங்க" என்றார். அது போதுமாக இருந்தது.

பிற்பகலில் அக்கா வயலில் பிசான நடவு, அதாவது மழைக்காலப் போகம். வரப்புகளை ஊரே சேர்ந்து மிதித்துப் பூசியது. இந்த முறை வயலை நான்காகப் பிரித்தோம். தண்ணீர் தேக்கியது, காயவிட்டது, அவை ஒவ்வொன்றிலும் கரைசலோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. தண்ணீரைத் தேக்கி வைத்தால் சில மண்ணில் ஆர்சனிக் என்ற வேறொரு நஞ்சு அரிசியில் ஏறிவிடும். எங்கள் மண்ணில் அந்தத் தொல்லை இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் இறங்கினோம். சென்னைத் தம்பி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு வரிசை நட்டார். கோணலாகத்தான் நட்டார். அக்கா பின்னாலேயே போய் அதைப் பிடுங்கி நேராக நட்டார். கிளம்பும்போது தம்பி, பிசானமும் முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தைக்குப் பிறகு முடிவு வந்தது. தண்ணீர் மட்டும் நின்ற இடத்தில் காட்மியம் குறைந்திருந்தது. பாக்டீரியா மட்டும் இருந்த இடத்திலும் குறைந்திருந்தது, ஆனால் முதல் போகத்தில் நாங்கள் மேடையேற்றப் பார்த்த அளவுக்கு இல்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அரிசி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வந்தது. எங்கள் பாக்டீரியா செய்த வேலை நாங்கள் நினைத்ததைவிடச் சிறியது, ஆனால் மெய்யானது. சிறிய உண்மையோடு ஒரு விவசாயி வயலுக்குப் போகலாம். பெரிய சந்தேகத்தோடு போக முடியாது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அக்கா வீட்டில் விருந்து. அந்த அரிசிச் சோறு, கூட்டாஞ்சோற்றுக்குப் போடும் காய்கறியெல்லாம் போட்டு ஒரு குழம்பு, அப்பளம். தம்பி சென்னைக்கு ஒரு மூட்டை கேட்டார், மனைப் பேச்சை அவராகவே விட்டுவிட்டார். தலைவர் மூன்றாவது முறை சோறு வாங்கிக்கொண்டார். எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது செல்வி கைக்குழந்தையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வயலிலும் அதே முறையில் அதே அளவுதான் வந்திருந்தது. மெதுவாகக் கேட்டார்.

"சார், பிள்ளைக்கு அடுத்த மாசம் சோறு ஊட்டணும். இந்த அரிசியக் குடுக்கலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அளவுக்குள் இருக்கிறது என்று நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தது பெரியவர்கள் சாப்பிடும் அரிசிக்கான அளவு. பிள்ளைகளுக்கு அது போதாது, இன்னும் கீழே இருக்க வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட அந்த இடத்தில் எல்லாமே என்னைத் தள்ளியது, இலையில் இருந்த சோறு உட்பட.

"நான் சாப்பிடுதேன், நீ சாப்பிடலாம். பிள்ளைக்கு வேண்டாம்மா. இன்னும் கொறையணும். அதுவரைக்கும் வெளிய வாங்கிக் குடு" என்றேன்.

செல்வியின் முகம் வாடியது உண்மை. அக்கா எழுந்தார். "வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு ஒருநா சரின்னு சொன்னா நம்பலாம்லா, ஏட்டி. பொறு" என்று சொல்லி, செல்விக்கும் ஒரு இலை போட்டார்.

பொறுத்தார்கள். கழிவு நின்றுபோன வாய்க்காலில் மழைத் தண்ணீர் மட்டும் ஓடியது. நாங்கள் கரைசலோடு தொழு உரமும் கலந்து, பாக்டீரியா மண்ணில் நீண்ட நாள் தங்கும்படி செய்தோம். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் ஒரு நாள்கூட வயல் காயாமல் அக்கா ஊரையே காவல் காத்தார். ஒரு கார் போகம் வந்து போனது. இன்னொரு பிசானமும் வந்தது. அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். முடிவு வந்த அன்று தலைவர் எனக்குத்தான் முதலில் அழைத்தார். ஊருக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றார்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. தென்காசியில் பஸ் பிடித்து இலத்தூர் போய் இறங்கினேன். அக்காவும் செல்வியும் களத்து ஓரம் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், மதியச் சாப்பாடு பாதியில் இருந்தது. குழந்தை இப்போது நடந்து திரிந்தது. தூரத்திலேயே என்னைப் பார்த்த செல்வி எழுந்து நின்றார். நான் கிட்டே போய் நின்றேன்.

"சார்?" என்றார் அக்கா.

"ஊட்டலாம்" என்றேன்.

இத்தனை வருட வேலையில் நான் எழுதிய கட்டுரைகளையெல்லாம் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. அவற்றின் மொத்தமும் அந்த ஒரு சொல்தான்.

செல்வி தன் தட்டிலிருந்த புது அரிசி மோர் சோற்றைக் குழையப் பிசைந்து ஒரு சின்ன உருண்டையாக்கி ஊட்டினார். குழந்தை எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது, இத்தனை பெரியவர்கள் தன் வாயையே எதற்குப் பார்க்கிறார்கள் என்று. பிறகு முதல் வாயை விழுங்கி முடிப்பதற்கு முன்பே அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தது.